வலி இல்லாத நாளில் ஓ.டி. கிடையாது

நித்யா ஒரு காலில் சாக்ஸ் போட்டுவிட்டாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கம்பெனி பஸ் வரும் நேரம். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "இன்னாடி, சீக்கிரம் போட்டுகினு கெளம்பு" என்றேன். "காலு வலிக்குதும்மா" என்றாள்.

எந்தக் கால் என்று கேட்டேன். சாக்ஸ் போட்ட காலைக் காட்டினாள். அது சுளுக்கிய கால். ஒரகடம் கூட்ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து, வீங்கி, கட்டுப் போட்டு, வீக்கம் வடிந்து, கட்டையும் பிரித்தாகிவிட்டது. பார்த்தால் காலில் ஒன்றுமே இல்லை. "சரியாப் போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்றேன். "டாக்டருக்குச் சரியாப் போச்சு. எனக்கு வலிக்குது" என்றாள்.

அப்போது அவள் எட்டாம் வகுப்புக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாய்த்துடுக்கு அதிகம். அது என்னிடமிருந்து போனது, வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று அவள் துடுக்காகச் சொன்னதுதான் சரியான பதில் என்பது, வெகுநாள் கழித்துச் சென்னையில் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அழுவதற்காக இதை எழுதவில்லை. அழவேண்டியதை அப்போதே அழுது முடித்துவிட்டேன். என் மகளைப் பற்றிப் பெருமை பேசத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும், வெளியே ஒரு காயமும் தெரியாமல் தினம் தினம் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளை இருந்தால், என் பெருமை உங்களுக்குக் கொஞ்சம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு ஊர், ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சுற்றிலும் ஒவ்வொரு வயலாகக் கம்பெனிகளின் கம்பி வேலி ஏறிக்கொண்டிருந்தது. என் கணவர் ஏழுமலை கம்பெனி பஸ் ஓட்டினார். நான் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை. முழு ஷிப்டும் நின்றுகொண்டே செய்யவேண்டும்.

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழையிலோ மின்வெட்டிலோ ஒரு நாள் தொழிற்சாலையில் லைன் நின்றுவிட்டால், மறுநாள் எல்லாருக்கும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை). விட்டுப்போனதை உடனே பிடித்துவிட வேண்டும். கம்பெனிகள் வந்து சில ஆண்டுகளிலேயே இது எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. வீட்டில் துணி துவைக்காமல் சேர்ந்துவிட்டால் "ஞாயித்துக்கெழம ஓ.டி. போட்டுடலாம்" என்பார் இவர். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் கூட அப்படித்தான் பேசுவார்கள். இந்தப் பழக்கம் என் மகளின் கால்களுக்குள் போய் என்ன செய்தது என்பதுதான் நான் சொல்லவந்த கதை.

கணுக்காலில் தொடங்கிய வலி முழங்காலுக்கு ஏறியது. பிறகு சுளுக்காத காலும் வலித்தது. பிறகு இடுப்பு. சில நாள் காலையில் எழுந்து தரையில் பாதத்தை வைக்கும்போதே முகம் சுருங்கும். பள்ளியில் காலை வணக்கத்தில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்லியனுப்பினார்கள். போர்வை பட்டாலே வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள்.

காஞ்சிபுரத்தில் காட்டினோம். ரத்தம் எடுத்தார்கள். மூட்டுவாதம் (மூட்டுகள் வீங்கித் தேயும் நோய்) இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. வளர்கிற வயதில் வரும் வலியாக இருக்கும் என்றார்கள். அப்படிப்பட்ட வலி ராத்திரியில் வந்து காலையில் போய்விடுமாம். இவளுக்கோ காலையில்தான் அதிகம். எல்லா ரிப்போர்ட்டிலும் நார்மல், நார்மல் என்று வரவர எனக்குக் கோபம்தான் வந்தது. நோய் இல்லை என்று சந்தோஷப்படவேண்டிய இடத்தில் ஒரு தாய்க்கு ஏன் கோபம் வருகிறது என்பது, அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

இவர் பஸ் டிரைவர் இல்லையா? வண்டியில் எங்கோ சத்தம் கேட்டால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிற மனிதர். மகளுக்கும் அதையே செய்தார். முதலில் ஷூவை மாற்றினார். பிறகு சைக்கிள் சீட்டை இறக்கினார். பிறகு ஏற்றினார். தோளில் மாட்டும் பை முதுகுப் பையானது. கட்டிலில் படுத்தவளைத் தரையில் படுக்கவைத்தார், தரையில் படுத்தவளைத் திரும்பவும் கட்டிலில் படுக்கவைத்தார். நாட்டுக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போய், முட்டைப் பற்றுப் போட்டு, அந்த வாசனை அடிக்க அழைத்துவந்தார். கடைசியில் ஒரு நாள், "தண்ணிய மாத்திப் பாக்கலாமா தேவகி?" என்றார். "இன்னும் என்னையும் உன்னையுந்தான் மாத்தல" என்றேன். அந்த நேரத்திலும் நித்யா சிரித்தாள். அவளுக்கு அப்பா மேல் கொள்ளை ஆசை.

ஊர் சும்மா இருக்குமா? டபாய்க்கிறாள் என்றார்கள். கணக்குப் பரீட்சைக்குப் பயம் என்றார்கள். ஒரே பிள்ளை, செல்லம் அதிகம் என்றார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சண்டை போட்டேன். தெருக்குழாயடியில் என் சத்தம் கேட்டால் சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

நம்பியவள் ஒருத்தி உண்டு. எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்த செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், என் லைனிலேயே வேலை. "எக்கா, பிள்ள பொய் சொல்லல" என்றாள். "எனக்கு ஆறாப்புலருந்து மண்டையிடி. வாரத்துல பாதி நாள் இருக்கும். சொன்னா, பள்ளிக்கூடம் போவாம கள்ளத்தனம் பண்ணுதாம்பாவ. அதனால யாருகிட்டயும் நான் சொன்னதே இல்ல." இத்தனை நாள் என் பக்கத்திலேயே நின்று டேப் சுற்றியவள். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வலி எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அதுதான் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரக் காரணம். நாலைந்து நாள் படுக்கையோடு கிடப்பாள். திடீரென்று ஒரு நாள் எழுந்து, "இன்னிக்கு வலி கம்மியா கீதும்மா" என்பாள். வீட்டில் திருவிழா தொடங்கிவிடும். விட்டுப்போன பாடத்தை எல்லாம் தோழியிடம் வாங்கிவந்து எழுதித் தள்ளுவாள். நான் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுவேன். தெருப் பிள்ளைகளோடு பாண்டி ஆடுவாள். சாயங்காலம் இவர் வண்டியில் உட்காரவைத்து எங்காவது கூட்டிப்போவார்.

அப்படி ஒரு நல்ல நாள் கிருத்திகையில் வந்தது. வல்லக்கோட்டை முருகனுக்கு ஏற்கெனவே வேண்டியிருந்தோம். மூன்று பேருமாகப் போனோம். கூட்டத்தில் நின்று கும்பிட்டு, பிரகாரம் சுற்றினோம். "முடியுது இல்ல, இன்னொரு சுத்து வாடா கண்ணு" என்றார் இவர். அவள் சுற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. நானும் முருகா முருகா என்று பின்னாலேயே போனேன். அன்று அவள் நடந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க முடியவில்லை. சாமி குற்றம் ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தேன்.

தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான், ஆனால் சட்டம் என்றால் சட்டம். "வராத நாள் வந்த நாளைவிட அதிகமாப் போயிட்டிருக்கு. இப்படியே போனா பேரை எடுக்கவேண்டி வரும். அடுத்த வருஷம் திரும்ப எட்டாவதுலயே சேத்துக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படி நின்ற பெண்கள் இருக்கிறார்கள். வயது பதினெட்டு ஆகும்வரை வீட்டில் இருப்பார்கள், அப்புறம் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். என் மகள் படிக்கவேண்டும். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியும், அது டேப் சுற்றுவதற்கு இல்லை என்று நான் நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் தலையைக் குனிந்துகொண்டார். "வுடு தேவகி. கொழந்தய ஏன் போட்டு வாட்டற? வலியோட படிச்சு இன்னா ஆவப்போவுது. வூட்லயே இருக்கட்டும். நான் வெச்சுப் பாத்துக்கறேன்." அவர் கெட்டது சொல்லவில்லை. மகள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கையிலிருந்த கரண்டியைத் தரையில் போட்டேன். "நீ வெச்சுப் பாத்துக்க அவ இன்னா பொம்மையா?" என்று கேட்டேன்.

அந்த வாரமே லீவு போட்டுச் சென்னைக்குப் போனோம். பெரிய குழந்தைகள் மருத்துவமனை. வராந்தா முழுக்கப் பிள்ளைகள். அங்கே பார்த்த டாக்டரம்மா வயதில் என்னைவிடச் சின்னவர். ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் நித்யாவைப் பார்த்து, "எங்கெங்க வலிக்குது, நீயே சொல்லு" என்றார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. காலை மடக்கி, நீட்டி, தட்டி, ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "உனக்கு வலிக்குது. அது நிஜம்" என்றார். நித்யா அழுதுவிட்டாள். அவள் அவ்வளவு அழுது நான் பார்த்ததில்லை.

இதற்கு நாள்பட்ட வலி (மூன்று மாதத்துக்கு மேலும் நீடிக்கும் வலி) என்று பெயர் சொன்னார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஒயர் கட்டு என்றேன். கட்டி முடித்ததும் எப்படிச் சோதிப்பீர்கள் என்றார். சோதனைப் பலகையில் மாட்டுவோம், எங்காவது இணைப்பு விட்டிருந்தால் பஸ்ஸர் கத்தும் என்றேன்.

"ஒயர் நல்லா இருந்தும் பஸ்ஸர் கத்துறது உண்டா?"

"உண்டு டாக்டர். சில பலகை அப்பிடித்தான். லேசாத் தொட்டாலே கத்தும்."

"கத்துற சத்தம் பொய்யா?"

"பொய் எப்பிடி ஆவும்? காது கிழியுமே."

"அதுதான் இவளுக்கு. சுளுக்கு ஆறிடுச்சு. ஆனா நரம்பு இன்னும் கத்திக்கிட்டே இருக்கு. சத்தம் நிஜம். ஒயர்ல பழுது இல்ல. அதனாலதான் ஒயரை எவ்வளவு தேடினாலும் ஒண்ணும் கிடைக்கல."

இவர் என் பின்னால் நின்று "அதான் பார்ட் மாத்தியும் நிக்கல" என்று முணுமுணுத்தார்.

எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன். எல்லாத் தாயும் கேட்கிற கேள்விதான். டாக்டரம்மா கதவைத் திறந்து வராந்தாவைக் காட்டினார். "மட்டும்னு யார் சொன்னது? தலைவலி, வயித்துவலி, முதுகுவலி, கால்வலின்னு மாசக்கணக்கா வலியோட பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க எவ்வளவோ பேர். இவ கிளாஸ்லயே பெஞ்சுக்கு ஒருத்தராவது இருப்பாங்க. சொல்லமாட்டாங்க, அவ்வளவுதான்." எனக்குச் செல்வி ஞாபகம் வந்தாள்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். யாரும் அதுவரை கேட்காத கேள்வி. "வலி கம்மியா இருக்கிற நாள்ல என்ன செய்வே?"

நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓ.டி. போடுவோம்" என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். விட்டுப்போன பாடம், விட்டுப்போன விளையாட்டு, விட்டுப்போன கோயில் எல்லாவற்றையும் அன்றைக்கே முடித்துவிடுவோம் என்றாள். டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அதுக்கு மறுநாள்?" என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வல்லக்கோட்டைக்கு மறுநாள், அதற்கு முந்தின நல்ல நாளுக்கு மறுநாள், அதற்கும் முந்தினது. எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

அவர் எழுதிக்கொடுத்த மருந்து கொஞ்சம்தான். சொன்ன முறைதான் பெரிது. தினமும் ஒரே அளவு. வலி இருந்தாலும் அந்த அளவு செய்யவேண்டும், வலி இல்லாவிட்டாலும் அந்த அளவோடு நிறுத்தவேண்டும். இயன்முறைப் பயிற்சி (தசைகளை மெல்லப் பழக்கும் உடற்பயிற்சி) தினமும். பள்ளிக்கு முதலில் காலையில் இரண்டு பீரியட் மட்டும். அது பழகியபின் மூன்று. தூக்கம் ஒழுங்காக. காலையில் எழுந்ததும் வலிக்கிறதா, எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூடாது. கடைசியாக இவரைப் பார்த்து விரலை நீட்டிச் சொன்னார்: "வலி இல்லாத நாள்ல ஓ.டி. கிடையாது."

சொல்வது சுலபம். வலிக்கிற நாளில் அவளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கடினம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போவாள், போய்ச் சேர்ந்துவிடுவாள். அதைவிடக் கடினம் நல்ல நாளில் நிறுத்துவது. பிள்ளை கலகலவென்று இருக்கிறாள், வாசலில் தோழிகள் கூப்பிடுகிறார்கள். போதும் உள்ளே வா என்று எந்தத் தாய் சொல்வாள்? நான் சொன்னேன். அவள் என்னிடம் கத்தினாள். நானும் கத்தினேன். இவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சூப்பர்வைசர் மாதிரிக் கடிகாரத்தைக் காட்டுவார்.

இரண்டு பீரியட் மட்டும் வந்துபோவதற்குத் தலைமை ஆசிரியை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா கொடுத்த சீட்டைக் காட்டி, நானும் விடாமல் நின்ற பிறகு, "சரி, கொஞ்ச நாள் பாப்போம். ஒரு பிள்ளைக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க, அதையும் சொல்லிட்டேன்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. அவளுக்கு மட்டும் என்ன சலுகை என்று சில பெற்றோர் கேட்டார்கள் என்று காதில் விழுந்தது.

இங்கே எங்கள் தொழிற்சாலை விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். தண்ணீர் டிரம்முக்கு மேலே சுவரில் ஒரு மனித உருவப் படம் மாட்டியிருந்தார்கள். வேலையால் உடம்பில் எங்கே வலிக்கிறதோ, படத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டவேண்டும். பெயர் வேண்டாம். அதைப் பார்த்து மேசையின் உயரத்தை மாற்றுவார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் யார் ஒட்டுவார்கள்? ஒட்டினால் லைனை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது. எனக்கு வலது மணிக்கட்டு வெகுநாளாக வலித்துக்கொண்டிருந்தது. செல்விக்குத் தலை. படம் மட்டும் மாட்டிய அன்று இருந்தபடியே சுத்தமாக இருந்தது. நம் லைனில் யாருக்கும் வலி இல்லை என்று சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம். இதை நான் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நித்யா சிரிக்கவில்லை, ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சில நாள் கழித்து, கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்திருந்த என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினேன். அதற்கு அடுத்த வாரம் தலைமை ஆசிரியை உடனே வரச்சொன்னதாக ஆள் வந்தது.

ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு போனேன். பேரை எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். அவர் என்னை நேரே எட்டாம் வகுப்பு அறைக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

கதவின் பின்பக்கம் பழைய காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் வெள்ளைப் பக்கத்தில் ஓர் உருவம் வரைந்திருந்தது. அது நித்யா வரைந்தது, கை விரல்களைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், அவளுக்கு விரல் வரைய வராது. கீழே அவள் எழுத்தில், 'மூணு மாசத்துக்கு மேல வலிக்கிறவங்க மட்டும் ஒட்டவும். பேர் வேண்டாம்.' உருவத்தின் மேல் என் பொட்டுகள். நெற்றியில் கும்பலாக. வயிற்றில். முதுகில். முழங்காலில். தோளில். மூக்கு நுனியில் ஒன்று, அது யாரோ விளையாட்டுக்கு ஒட்டியது. அட்டையிலிருந்த சிவப்புத் தீர்ந்து கறுப்புப் பொட்டும் ஒட்டியிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதவைச் சாத்தினப்பதான் பாத்தேன். யார் யாருன்னு தெரியல. தினமும் எதிர்ல உக்காந்திருக்குதுங்க. ஒண்ணுகூட வாயத் திறந்ததில்லையே தேவகி" என்றார். டாக்டரம்மா சொன்ன பெஞ்சுக் கணக்கை நான் சொன்னேன். அவர் பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நித்யாவின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. அதோடு, நிற்க முடியாத பிள்ளைகள் காலை வணக்கத்தில் படிக்கட்டில் உட்காரலாம், காரணம் கேட்கமாட்டோம் என்று அவர் அறிவித்தார். முதல் நாள் நித்யா மட்டும் உட்கார்ந்தாளாம். அந்த வாரக் கடைசியில் படிக்கட்டில் அவளுக்கு நெருக்கியடித்து இடம் கொடுக்கவேண்டியிருந்ததாம்.

வீட்டில் அவளைக் கேட்டேன். "ஏண்டி கதவுக்குப் பின்னாடி ஒட்டின?"

"உங்க கம்பெனில எல்லாரும் பாக்கற எடத்துல வெச்சாங்க. அதான் யாரும் ஒட்டல. கதவுக்குப் பின்னாடி வெச்சா ஒட்டுவாங்கல்ல?" என்றாள். ஏதோ ரொம்பச் சாதாரண விஷயம் மாதிரி சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். ஒரு கம்பெனிக்கே தோன்றாத யோசனை என் மகளுக்குத் தோன்றியது. பெருமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று தெருக்குழாயடியில் நான் யாரோடும் சண்டை போடவில்லை. எல்லாரையும் நிறுத்திவைத்து இந்தக் கதையைச் சொன்னேன். இரண்டாவது தடவை கேட்டவர்களும் உண்டு.

வலி எப்போது போயிற்று என்று கேட்கிறார்கள். தெரியாது. ஒரு நாளில் போகவில்லை. இரண்டு பீரியட் மூன்றாகி, மத்தியானம் வரைக்கும் ஆகி, கோடை விடுமுறைக்கு முன் முழு நாளும் இருந்துவிட்டு வந்தாள். நடுவில் சறுக்கல்கள் வந்தன. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். அப்போது இவர் அழுதார், அவள்தான் தேற்றினாள். ஒன்பதாவதுக்கு அவள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே போனாள். இப்போதும் குளிர்நாளில் வலி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதைக் கண்டு வீடு நடுங்குவது நின்றுவிட்டது.

அவள் ஒன்பதாவது போன பிறகு ஒரு கிருத்திகைக்குத் திரும்பவும் வல்லக்கோட்டைக்குப் போனோம். அவளுக்குக் கொஞ்சமும் வலி இல்லாத நாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். பழக்கதோஷத்தில் இவர், "இன்னொரு சுத்து வாடா கண்ணு" என்று வாய் திறந்துவிட்டார். நித்யா மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "போதும்பா. நாளைக்கு ஸ்கூல் கீது" என்றாள். முடியாமல் உட்காரவில்லை. முடியும்போதே உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணைப் பெற்றவள் நான் என்று அங்கே கோயிலில் கூவிச் சொல்லலாம் போல இருந்தது.

மறுநாள் வேலையில் தண்ணீர் குடிக்கப் போனேன். சுவரில் அந்தப் படம் அப்படியே சுத்தமாக இருந்தது. நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து, எல்லாரும் பார்க்க, படத்தின் வலது மணிக்கட்டில் ஒட்டினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற செல்வி ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு அவளும் தன் நெற்றிப் பொட்டை எடுத்து, படத்தின் நெற்றியிலேயே ஒட்டினாள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் ஓ.டி.க்குப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். அன்று என் கை அவ்வளவாக வலிக்கவில்லை. வழக்கமாக அப்படிப்பட்ட நாளில் முதல் பெயர் என்னுடையதுதான். "இன்னிக்கு வேணாம் சார்" என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அந்த நேரத்தில் என் வீட்டு வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நித்யா ஷூவைக் கழற்றி, இரண்டு சாக்ஸையும் உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஓ.டி. இல்லையா?"

"இல்லடி. நாளைக்கும் கை வேணுமில்ல" என்றேன்.

அவள் திரும்பி என் வலது கையைப் பார்த்தாள். பிறகு பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், கண்ணாடியிலிருந்து ஒரு பொட்டை எடுத்துவந்து ஒட்டிவிட்டாள்.